சேமிப்பக இடைமுகச் செந்தரங்கள்

சேமிப்பக இடைமுகம் என்பது வன்தட்டு போன்ற சேமிப்பகத்தைக் கணினியின் தாய்ப்பலகையுடன் இணைக்கும் முறையாகும். செருகியின் வடிவம், மின்குறிகைகள், இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் கட்டளைகள் ஆகியவற்றைச் செந்தரங்கள் வரையறுக்கின்றன.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் டெல் நிறுவனத்தின் கணினி ஆலை 2007இல் இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனம் வன்தட்டுகளைத் தயாரிப்பதில்லை. பிறரிடம் வாங்கிப் பொருத்துகிறது. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் என எவருடைய தட்டும் ஒரே செருகியில் பொருந்துவது செந்தரத்தால்தான். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலைகள் மூழ்கியபோது உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. தட்டுப்பாட்டைச் செந்தரம் போக்கிவிடாது. ஆனால் ஒருவர் தட்டு கிடைக்காதபோது மற்றவர் தட்டைத் தாய்ப்பலகையை மாற்றாமலே பொருத்தலாம்.

திருப்பெரும்புதூர் ஆலை தொடங்கிய காலத்தில் பழைய ஐடிஇ இடைமுகம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. அகன்ற பட்டை வடம், 40 துளைச் செருகி, நொடிக்கு அதிக அளவாக 133 மெகாபைட்டு. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் செல்லும் துணுக்குகள் வேகம் கூடக்கூட முன்பின்னாக வந்து சேரும். இதனால் 2003இல் வெளியான சாட்டா, துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. கம்பிகள் ஏழே, அவற்றுள் நான்குதான் தரவுக்கு. தொடக்கத்தில் 150 மெகாபைட்டாக இருந்த வேகம் பின்னர் 600 ஆனது.

திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கு அதுவும் போதவில்லை. அவற்றுக்கென 2011இல் என்விஎம்இ செந்தரம் வந்தது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே; அதே வடிவில் சாட்டா தட்டும் உண்டு, என்விஎம்இ தட்டும் உண்டு. செருகியில் பொருந்தினாலும் கணினி அதை அறியாமல் போகலாம். எனவே பழைய மடிக்கணினிக்குத் தட்டு வாங்குவோர் முதலில் அதன் கையேட்டைப் பார்ப்பது நல்லது.