'நடிக்கிறான்' என்று சொல்வதற்கு முன்

இடைவேளை மணி அடித்தால் போதும், மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவான். முதல் பருவம் முழுவதும் ஆசிரியர் அறையில் அவனைப் பற்றி அடிக்கடி கேட்ட பேச்சு இதுதான்: "சும்மா நடிக்கிறான் டீச்சர். பிடிச்ச பாட்டு போட்டா மட்டும் பக்கத்துல வந்து நிக்கிறான்ல?" நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை அவனுடைய அம்மா வந்தார். போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். ஒரு கையில் 'ஆட்டிசம்' என்று எழுதிய மருத்துவமனைச் சீட்டு, மறு கையில் கைப்பேசி. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தான் கேட்ட கேள்வியையும் அது தந்த நீண்ட பதிலையும் காட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்: "சின்ன வயசுல போன் குடுத்தேன், அதனாலயா? வீட்ல தெலுங்கு, இங்க தமிழ்னு குழம்பிட்டானா? இல்ல, நான் வேலைக்குப் போனதாலயா? எது டீச்சர் காரணம்?"

அன்று என்னிடம் தெளிவான பதில் இல்லை. "கவலைப்படாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். இதே கேள்வி உங்கள் வகுப்பறை வாசலுக்கும் வரலாம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தை ஏற்கச் சிரமப்படுவது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். உலக அளவில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று.

நம் அரசு ஆவணங்களில் இதைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று குறிப்பிடுகிறோம். அந்தப் பெயரை வைத்து, இக்குழந்தைகளுக்கு வெளியுலகமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. பலருக்கு வெளியுலகம் அளவுக்கு அதிகமாக உள்ளே வருகிறது என்பதே சிக்கல். போச்சம்பள்ளி வாரச்சந்தையின் நடுவில் நிற்க வைத்து, மனக்கணக்குப் போடச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த மாணவனுக்கு இடைவேளை மணியும் அதைத் தொடரும் கூச்சலும் அப்படித்தான். பிடித்த பாட்டு அவன் எதிர்பார்த்து நிற்கும் ஒலி. மணியோ எதிர்பாராத நேரத்தில் வந்து தாக்கும் ஒலி. இரண்டுக்கும் அவன் வெவ்வேறாக நடந்துகொள்வதில் நடிப்பு எதுவும் இல்லை.

தாயின் மீது விழுந்த பழி

"நான் செய்த தப்பா?" என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் குறித்த முதன்மையான ஆய்வுகளில் ஒன்று. அக்குழந்தைகளின் பெற்றோர் பலர் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். இதிலிருந்து, தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து வளர்ந்தது. இத்தகைய தாய்மார்களைக் 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்றே அழைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை மேலும் பரப்பியது. ஆயிரக்கணக்கான தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்தார்கள்.

இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளரான அவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. இதற்கு அடிப்படை உடலியல் சார்ந்தது என்று 1964-லேயே நூல் எழுதினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

இன்று தெரிந்தவை

5 நாடுகளைச் சேர்ந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் அமைவதில் மரபுக் காரணிகளின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று கணித்தது. இது மக்கள்தொகை அளவிலான கணக்கு. இதை வைத்து, "உங்கள் பக்கமிருந்து வந்தது" என்று கணவன் வீட்டாரோ மனைவி வீட்டாரோ ஒருவரையொருவர் குற்றம் சொல்ல முடியாது. இதில் ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தொடர்புடையவை. சில மாற்றங்கள் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை.

பெற்றோரின் வயது கூடுதலாக இருப்பது, மிகக் குறைமாதப் பிறப்பு, வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்துக்கொள்வது ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. (வலிப்பு மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடமே பேச வேண்டும்.)

அடிக்கடி காதில் விழும் மற்ற காரணங்களையும் பார்ப்போம்.

தடுப்பூசி: 1998-இல் பிரிட்டனில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து வெளியான கட்டுரையிலிருந்து கிளம்பிய அச்சம் இது. அந்தக் கட்டுரையை 2010-இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மை தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.

பாராசிட்டமால்: ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு, ஒரே தாய்க்குப் பிறந்தவர்களை ஒப்பிட்டது. கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை எடுத்துக்கொண்டதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை.

கைப்பேசி: அதிக நேரம் திரை பார்ப்பது தூக்கத்தையும் பேச்சுப் பழக்கத்தையும் பாதிக்கலாம். அதைக் குறைப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லது. ஆனால் அது ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. எதைக் கொடுத்தாலும் அமைதியாகாத குழந்தைக்குப் பெற்றோர் கைப்பேசியைக் கூடுதலாகக் கொடுக்க நேர்வதும் உண்டு.

இரண்டு மொழி: தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் நிறைந்த நம் எல்லைப் பகுதிக்கு இது முக்கியமான கேள்வி. இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. "வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று நாம் நல்லெண்ணத்தில் சொன்னால், அம்மாவும் பாட்டியும் குழந்தையோடு இயல்பாகப் பேசும் மொழியைப் பறித்துவிடுகிறோம்.

காரணத்தைத் தவறாகச் சொன்னால் அதற்கு விலை உண்டு. அடுத்த குழந்தைக்குத் தடுப்பூசி நிற்கும். தாய் வேலையை விடுவார். 'முழுதாகக் குணமாக்குகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பி நகை அடகுக்குப் போகும். ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருத்துவம் அல்ல என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவைப்பது நல்லது.

செயலியின் பதிலும் ஒரு பாவனைதான்

கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையை முன்வைத்தார். எழுத்தில் உரையாடும் இயந்திரம், மனிதரைப் போலப் பதில் சொல்லிக் கேட்பவரை நம்ப வைக்க முடியுமா என்பதே அது. இன்றைய உரையாடல் செயலிகள் இதில் வெகுதூரம் வந்துவிட்டன. கோடிக்கணக்கான பக்கங்களில் கற்ற சொல் வரிசைகளைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துப் பதிலை அமைக்கின்றன. அந்தப் பதில் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே உறுதியான தொனியில்தான் வரும்.

கேட்கும் விதமும் பதிலை மாற்றும். "கைப்பேசியால் ஆட்டிசம் எப்படி வருகிறது?" என்று கேட்டால், வருகிறது என்பதை ஒப்புக்கொண்டே அது விளக்கத் தொடங்கலாம். "கைப்பேசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் என்ன சான்றுகள்?" என்று கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அந்த அம்மாவின் கைப்பேசியில் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தோம். வேறுபாட்டை அவரே கண்டுகொண்டார்.

காலை முதல் மாலை வரையிலான படக் கால அட்டவணை, எளிய கதை, பெற்றோருக்கான தெலுங்குக் குறிப்பு போன்றவற்றைத் தயாரிக்க இச்செயலிகள் உதவும். மொழி தெரிந்தவர் ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஆனால், "இந்த மாணவனுக்கு ஆட்டிசமா?" என்று அவற்றிடம் கேட்கக் கூடாது. மாணவரின் பெயர், புகைப்படம், மருத்துவச் சான்று எதையும் பதிவேற்றவும் கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது.

உண்மையில் நடிப்பவர் யார்?

வகுப்பில் நடிக்கும் ஆட்டிசக் குழந்தைகளும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. பக்கத்துத் தோழி சிரித்தால் தானும் சிரித்து, அவள் எழுந்தால் தானும் எழுந்து, எல்லோரையும் போலத் தோன்ற நாள் முழுவதும் முயலும் குழந்தைகள் அவர்கள். இப்படி மறைத்துக்கொள்வது பெண் குழந்தைகளிடம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாலையில் வீடு திரும்பியதும் அழுகையும் கோபமும் வெடிக்கும். "வீட்ல ரொம்பப் படுத்தறா டீச்சர்" என்று பெற்றோர் சொல்லும்போது, "இங்க நல்லாத்தான இருக்கா" என்று நாம் முடித்துவிடுவோம். அந்த இடத்தில் சற்று நின்று கேட்க வேண்டும்.

நடிப்பை நல்ல விதமாகவும் பயன்படுத்தலாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து யார் வரப்போகிறார் என்று சொல்கிறான். பிறகு திரைக்குப் பின்னிருந்து வேடம் வெளிப்படுகிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பழக்கமான காட்சி. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் அந்த முன்னறிவிப்புதான் தேவை. நாளை மருத்துவக் குழு வருகிறது என்றால் இன்றே ஒருவர் மருத்துவர், ஒருவர் செவிலியர், மற்றவர்கள் வரிசை என்று ஐந்து நிமிடம் நடித்துப் பார்க்கலாம். "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதையும் முழு வகுப்போடும் நடித்துப் பழகலாம். கண்ணைப் பார்த்துப் பேசியே ஆக வேண்டும், கையை ஆட்டவே கூடாது என்று 'இயல்பானவனாக' நடிக்கப் பழக்குவது இதன் நோக்கம் அல்ல. அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியவை

ஆட்டிசமா இல்லையா என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. நாள், நேரம், நடந்தது என்று கவனித்ததை எழுதி வைப்பது நம் வேலை. அந்தக் குறிப்போடு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவையும் அணுகலாம். அவர்கள் வழியாக மாவட்ட அளவிலான மதிப்பீடு, தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றுக்கு வழி பிறக்கும். பிற்காலத்தில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கும் இச்சான்றுகள் வேண்டும்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மாவை மீண்டும் அழைத்தேன். "போன் காரணம் இல்லம்மா. தெலுங்கு காரணம் இல்ல. நீங்க வேலைக்குப் போனதும் காரணம் இல்ல. பொறக்கும்போதே மூளை அப்படி அமைஞ்சிருக்கு. இனிமே என்ன செய்யலாம்னு சேர்ந்து பாப்போம்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இத எங்க மாமியார்கிட்ட ஒரு தடவ நீங்களே சொல்றீங்களா டீச்சர்?" என்றார். அடுத்த வாரம் மாமியாரும் வந்தார்.

இப்போதெல்லாம் மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே அவனிடம் சொல்லிவிடுகிறோம். காதைப் பொத்திக்கொள்கிறான், ஆனால் சுவரோரம் ஓடுவதில்லை. ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிய அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.