வீரர் உரைத்த வஞ்சினம்

நம் மாணவர் இக்காலத்தில் கைப்பேசியில் ஆடும் போர் விளையாட்டுகள் சிலவற்றில், வீரர் வாளை உயர்த்திச் சூளுரைத்த பின்னரே களம் புகுகின்றனர். சொல் தவறியவன் பட்டத்தையும் படைக்கலத்தையும் இழக்கின்றான். இஃது அயல்நாட்டார் கற்பனை என்றே பிள்ளைகள் எண்ணுகின்றனர். விளையாட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வீட்டுப்பாடம் முடித்தபின் ஆடுவராயின் நன்று. ஆயின், இவ்வழக்கத்திற்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

அப்பெயர் வஞ்சினம். "இச்செயலை முடிக்கத் தவறினால் எனக்கு இன்ன இழிவு வருக" என்று வீரன் பலர் அறியக் கூறுவது வஞ்சினமாகும். தொல்காப்பியர் இதனைக் காஞ்சித்திணையின் ஒரு துறையாக வகுத்துள்ளார். புறநானூற்றில் 71, 72, 73ஆம் பாட்டுகள் மூன்றும் மன்னர் தாமே கூறிய வஞ்சினங்கள்.

அவற்றுள் பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினம் நம் சிறுவர் நெஞ்சில் பதியத் தக்கது. அவன் மிக இளையனாய் அரியணை ஏறினான். காலில் கிடந்த சிறுவர்க்குரிய கிண்கிணியைக் கழற்றி வீரக்கழல் அணிந்தான்; கழுத்தில் ஐம்படைத்தாலி இன்னும் கிடந்தது என்று இடைக்குன்றூர் கிழார் பாடியுள்ளார். "இவன் சிறுவன்" என்று எள்ளி, சேர சோழ வேந்தர் இருவரும் வேளிர் ஐவரும் ஒருங்கே படையெடுத்து வந்தனர். அப்போது நெடுஞ்செழியன் மூன்று பழிகளைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். பகைவரை முரசோடு சிறைப்பிடியேனாயின், என் நிழலில் வாழும் குடிகள் கண்ணீர் விட்டு என்னைக் கொடியவன் என்று தூற்றுக. மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது விடுக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னை அடைக.

தன் உயிர் போகட்டும் என்று அவன் கூறவில்லை என்பதை நோக்குக. உயிரினும் பெரிது எதுவென அவன் கருதினானோ, அதனையே ஈடாக வைத்தான். பிறர் உயிரையும் அவன் வைக்கவில்லை. நம் பிள்ளைகளோ ஒரு பென்சில் காணாமற் போனாலும் "அம்மாமேல் ஆணை" என்கின்றனர். தாம் கூறும் சொல்லுக்குத் தாயை ஈடு வைப்பது என்ன வழக்கமோ! பெற்றோர் இதனைச் சற்றே கவனிக்க வேண்டுகின்றோம்.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் வஞ்சினமும் இவ்வகையினதே. பகைவரை ஓடச் செய்யாவிடின், அன்புடைய தன் தேவியைப் பிரிக என்கின்றான். அறம் உரைக்கும் அவையில் தகுதியற்ற ஒருவனை அமர்த்தி முறை தவறிய குற்றமும் தனக்கு வருக என்கின்றான். உற்ற நண்பரை இழக்கவும், மறுபிறவியில் பாண்டியர் குடியில் பிறவாது வன்புலம் காப்போனாய்ப் பிறக்கவும் உடன்படுகின்றான். திறமையற்றவனைப் பதவியில் அமர்த்துவதைத் துணைவியைப் பிரியும் துயரோடு ஒருங்கு வைத்து எண்ணிய மன்னன் அவன்! மூன்றாமவன் சோழன் நலங்கிள்ளி. தன் வலிமையை எள்ளியவன், உறங்கும் புலிமேல் இடறி விழுந்த குருடனைப் போல் தப்ப மாட்டான் என்கின்றான். அவன் ஏற்ற பழி சிறுவர் படிக்கும் இம்மலருக்கு ஏற்றதன்று, விடுகின்றோம்.

நெடுஞ்செழியன் தன் சொல்லைக் காத்தான். இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள தலையாலங்கானத்தில் எழுவரையும் வென்றான். எந்தப் புலவர் பாடாது விடுக என்றானோ, அந்த மாங்குடி மருதனாரே அவன்மீது மதுரைக்காஞ்சி பாடினார். பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு அதுவே, 782 அடிகள்.

சூளுரை முடியுடையோர்க்கு மட்டும் உரியதன்று. பிற்காலத்தில் வேளைக்காரர் எனப்பெற்ற படைவீரரும் உறுதிமொழி கூறிப் பணியேற்றனர். இலங்கையில் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. புத்தர்பிரானின் புனிதப் பல்லை வைத்த பள்ளியையும் அதன் உடைமைகளையும், தாம் அழிய நேரினும், ஞாயிறும் திங்களும் உள்ளளவும் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் ஒன்றுகூடி அதில் பொறித்துள்ளனர். கூலிக்கு வாளெடுத்த எளிய வீரர் தந்த அச்சொல்லை இன்றும் அக்கல்லில் காணலாம்.