ஆழ்கடலில் ஓர் ஆளில்லாத் தேடல்

கெலிஓயாவில் இருக்கும் நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் ஊரருகே ஓடும் மகாவலி, திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் போய்ச் சேர்கிறது. அங்கே கடலுக்கடியில் மூவாயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. பீதுருதலாகலை மலையை அதற்குள் இறக்கினால் உச்சிகூட வெளியே தெரியாது.

அத்தகைய ஆழத்தில் ஒரு பொருள் விழுந்தால் எப்படித் தேடுவது?

2016 ஜூலை 22 அன்று, சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயர் நோக்கிப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என். 32 விமானம் வங்காள விரிகுடாவின் மேல் காணாமற்போனது. அதில் 29 பேர் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அந்த 29 வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். மௌத்துச் செய்தி வந்தால் அழுது தீர்க்கலாம். எதுவுமே வராவிட்டால்? கணவர் ஹயாத்தாக இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண் இத்தா இருப்பதா, காத்திருப்பதா? 2004 சுனாமியைக் கண்ட நமக்கு இந்தத் தவிப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் விடை வந்தது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி ஒன்றைக் கடலில் இறக்கியிருந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீற்றர் தொலைவில், 3,400 மீற்றர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகளை அது படம்பிடித்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவே இல்லை. ஆகவே அதுதான் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஆழத்தில் நம் விரல் நகமளவு இடத்தின் மேல் சுமார் 340 கிலோ அழுத்தம் இருக்கும். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஏழை அடுக்கி வைத்தாற்போல! வெளிச்சமும் கிடையாது. வானொலி அலை உப்புத் தண்ணீரில் அதிக தூரம் போகாது. அதனால் மேலே கப்பலில் இருப்பவர் கரையில் விமானத்தை ஓட்டுவதுபோல் அதை ஓட்ட முடியாது. எங்கே இருக்கிறோம், அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறோம், எதிரே பாறை இருக்கிறதா என்பதையெல்லாம் அதனுள்ளிருக்கும் கம்பியூட்டரே கணக்கிட்டுப் பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும். வௌவாலைப்போல ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் தரையை வரைகிறது. சந்தேகமான இடத்தில் நெருங்கிப்போய்ப் படமும் எடுக்கிறது.

எல்லாம் இயந்திரமே செய்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் தேடுவது என்பதை மனிதர்தான் சொல்லவேண்டும். 2014 மார்ச் 8 இல் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தைத் தேடி 2018 இல் இத்தகைய இயந்திரங்கள் பலவற்றை ஒன்றாக இறக்கினார்கள். விழுந்த இடம் சரியாகத் தெரியாததால் அந்தத் தேடல் வெறுங்கையோடு முடிந்தது.

சென்னை நிறுவனத்தின் நீர்மூழ்கிக்கோ வேலை ஓயவில்லை. 2024 டிசம்பரில் இந்து சமுத்திரத்தில் 4,500 மீற்றர் ஆழத்தில், பூமிக்குள்ளிருந்து கொதிநீர் பீறிடும் ஊற்றொன்றைப் படம்பிடித்து வந்திருக்கிறது.