கணக்கில் வராத காற்று

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி சுமார் 15 கிலோமீட்டர். பழைய 100 சிசி வண்டி ஒன்றில் வாரத்துக்கு ஆறு நாள் போய் வருகிறேன். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போது ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடித்தேன். சத்தம் இறங்கவில்லை, ஏறியது. கையைத் திருகாமலேயே இன்ஜின் தானாக ரேஸ் ஆகிக்கொண்டிருந்தது. கிளட்சை விட்டிருந்தால் வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்திருக்கும். சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினேன். ஆடு மேய்த்த பெரியவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஐடிலிங் ஸ்குரூவைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சரியாக இருந்தது. அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆனதும் நின்றுபோகும்; நாலு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் மறுபடி ரேஸ். ஸ்குரூவைக் கூட்டினால் சாயங்காலம் தொல்லை, குறைத்தால் காலையில் தொல்லை. இப்படி இரண்டு பக்கமும் இழுத்தடித்தால் ஸ்குரூவைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்று வேறு எங்கோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்.

எங்கே என்று சொல்வதற்கு முன்னால், இன்ஜின் மூச்சு விடும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வந்து, கார்புரேட்டரின் குறுகலான தொண்டையைக் கடக்கிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலிக்காரர் வென்டூரி 1797இல் எழுதிவைத்த சமாச்சாரம் இது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் கீழேயிருக்கும் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. ஆக, கார்புரேட்டருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்: தன் வழியாகப் போன காற்றுக்கு ஏற்ற பெட்ரோல். எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும்.

கார்புரேட்டரையும் இன்ஜின் ஹெட்டையும் இணைக்கும் சின்னக் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. என் வண்டியில் அது விரல் நீளம்கூட இல்லை. இரண்டு பக்கமும் உலோகத் தட்டு, நடுவில் ரப்பர். அதில் வெடிப்பு விழுந்தால் அந்த வழியாக நுழையும் காற்று கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு வருகிறது. மண்டபத்து வாசலில் ஆள் எண்ணி இலை போடும்போது கொல்லைப்பக்கமாக வந்து பந்தியில் உட்காருகிறவன் மாதிரி. அவனுக்கு இலை கிடையாது.

சரி, அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் இல்லையென்றால் இன்ஜின் வேகம் குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? எனக்கு ரொம்ப நேரம் குழப்பிய இடம் இது. ஐடிலிங்கில் கலவை பொதுவாகக் கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகவே வைக்கப்பட்டிருக்கும். வெடிப்பு சிறியதாக இருக்கும்வரை, கூடுதல் காற்று அந்த மிச்சப் பெட்ரோலையும் எரித்து வேகத்தை ஏற்றிவிடுகிறது. வெடிப்பு பெரிதானால் கலவை ரொம்ப நீர்த்துப்போய் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதனால்தான் காலையில் நிற்கிறது, சூடானபின் ஓடுகிறது.

ரோட்டில் 50இல் போகும்போது ஒன்றுமே தெரியாததற்கும் கணக்கு இருக்கிறது. 1400 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிஷத்துக்கு 700 தடவை உறிஞ்சும், விநாடிக்குக் கிட்டத்தட்ட 12. ஆனால் திராட்டில் மூடியிருப்பதால் ஒவ்வொரு தடவையும் கிடைப்பது கொஞ்சமே கொஞ்சம் காற்று. குழாய்க்குள் வெற்றிடம் கடுமையாக இருக்கும். மயிரிழை வெடிப்பில் நுழைவதுகூட அங்கே பெரிய பங்கு. திராட்டிலைத் திறந்துவிட்டால் வெற்றிடம் குறையும், மொத்தக் காற்றும் பல மடங்கு ஆகும். வெடிப்பு வழியாக வருவது அதில் காணாமல் போய்விடும்.

கண்டுபிடிக்கும் முறை சுலபம். சிலர் இந்த இடத்தில் பெட்ரோலை அடித்துப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். சலூனில் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். இன்ஜின் ஓடும்போது மேனிஃபோல்டு மேல் லேசாக அடித்தேன். ஹெட் பக்கத்து இணைப்பில் மாற்றமில்லை. ரப்பரின் அடிப்பக்கம் அடித்ததும் இன்ஜின் ஒருமுறை திக்கியது. விரலால் ரப்பரை வளைத்துப் பார்த்தேன். வாய் திறந்தது.

வெயில் காலத்துக் கரிசல் காடும் இப்படித்தான் வாய் திறந்து கிடக்கும். ஆனால் காரணம் வேறு. கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். மழை பெய்தால் மூடிக்கொள்ளும். ரப்பர் வெடிப்பு மூடாது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், ரப்பரின் நீண்ட சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது. அதுவும் இழுபட்டு நிற்கும் இடத்தில் மட்டும், இழுக்கும் திசைக்குக் குறுக்காக. இன்ஜின் சூடு சங்கிலிகளை இன்னும் இறுகவைக்கிறது. பெட்ரோல் வேறு, ரப்பரை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இப்போது பங்கில் போடுவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்கு 13.5 பங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஏற்கெனவே நீர்த்த கலவை, அதன்மேல் வெடிப்பு.

எனக்கு உண்மையில் பயம் தந்தது வேறொன்று. அந்த வெடிப்பு ஃபில்டருக்கு அப்பால் இருக்கிறது. சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் புழுதி எவ்வளவு வரும் என்று விளாத்திகுளம் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். அத்தனையும் நேராகச் சிலிண்டருக்குள்! ரிங்கும் போரும் தேய்ந்தால் செலவு ஆயிரங்களில்.

ஆனாலும் முதலில் சோம்பேறித்தனம் பண்ணினேன். பிசைந்து ஒட்டுகிற பசையை அப்பி நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் பசை தனியாக, ரப்பர் தனியாக. அசைகிற பொருள்மேல் கல்லாக இறுகுகிற பசை எப்படி நிற்கும்? கோவில்பட்டி ஸ்பேர் கடையில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மேனிஃபோல்டு இருக்கா?"

"ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா தம்பி? லோக்கல் போட்டா அடுத்த சித்திரைக்கு நீங்களே திரும்ப வருவீங்க."

ஒரிஜினலே வாங்கினேன், ஓ-ரிங்கும் பேக்கிங்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் நன்றாக ஆறிய பின், பெட்ரோல் காக்கை மூடிவிட்டு ஆரம்பித்தேன். ஃபில்டர் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தி, கார்புரேட்டரின் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். கேபிளைக் கழற்றாமல் கார்புரேட்டரை ஓரமாகத் தொங்கவிட்டேன். அடுத்து ஹெட்டில் இரண்டு போல்ட், 10ஆம் நம்பர் ஸ்பேனர். மேனிஃபோல்டு கையோடு வந்தது. ஓட்டையில் துணி அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று படித்திருந்தேன். துணி எடுக்கத் திரும்பினேன், போல்ட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் வாஷர் நழுவி, 'டிங்' என்று ஓட்டைக்குள் போய்விட்டது.

உள்ளே வால்வு மூடியிருந்தால் வாஷர் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். திறந்திருந்தால் பிஸ்டன் தலைமேல். அந்த நேரம் பார்த்து அக்கா மகன், "மாமா, நான் கிக்கர் அடிக்கட்டா?" என்று காலைத் தூக்கினான். நான் கத்திய கத்தில் அம்மா வெளியே வந்துவிட்டாள். "ஏல, எதுக்கு பிள்ளைய வையுற? வண்டிய அங்கிட்டு தள்ளு, வத்தல் காயப் போடணும்." தள்ளக்கூட பயம். கியரில் கிடந்தால் இன்ஜின் சுற்றிவிடுமே. நியூட்ரலா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரு அடி நகர்த்தினேன்.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் வாஷர் மினுங்கியது. வால்வு மூடித்தான் இருந்தது. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஸ்குரூடிரைவர் தண்டில் ஒட்டி உள்ளே விட்டேன். மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மிச்சம் சாதாரண வேலை. பழைய பேக்கிங் ஒட்டியிருந்ததை மூங்கில் குச்சியால் சுரண்டினேன். அலுமினியத்தை ஸ்குரூடிரைவரால் கீறினால் அந்தக் கீறலே புதுக் கசிவு. பேக்கிங் பசை எதுவும் தடவவில்லை. சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து உள்ளேதான் போகும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கினால் தட்டு கோணிவிடும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய கார்களில் மேனிஃபோல்டு பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். அமெரிக்காவில் ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 இன்ஜின்களில், 1990களின் பிற்பகுதியில் வந்தவற்றில், குளிர்நீர் போகும் பகுதி வெடித்து வழக்கு வரை போயிற்று; பின்னால் அந்தப் பகுதியை அலுமினியத்தில் செய்தார்கள். காரில் இதை வீட்டில் கழற்ற நான் துணியமாட்டேன், பெட்ரோல் லைன் அழுத்தத்தோடு இருக்கும்.

ஐடிலிங்கைப் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. வெடிப்பை ஈடுகட்டத் திருகிய ஸ்குரூ எல்லாம் இப்போது தப்பான இடத்தில் இருந்தன. பத்து நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த முனை, பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. அக்கா மகனிடம் அந்தப் பழைய மேனிஃபோல்டைக் கொடுத்திருக்கிறேன். வளைத்து வளைத்து வாய் திறக்கவைத்துப் பேச வைக்கிறான்.