பையில் எல்லாம் உண்டு, அபயக் குரலுக்கு மட்டும் தடை

இமயத்தில் நாள்கணக்கில் நடப்பவர்களின் சுமையில் மின்னணுக் கருவிகள் பெருகிவிட்டன. ஆபத்தில் கைகொடுக்கும் கருவியை அனுமதியின்றி வைத்திருந்தால் குற்றம்.

உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்கு நடந்துசென்ற 22 பேர் குழு 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறந்தன. ஆனால் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம்வரை ஆள் இறங்கிவந்து சொன்ன பிறகுதான் விபத்தே வெளியுலகுக்குத் தெரிந்தது.

இந்த இடைவெளியை நிரப்பவே ஒரு கருவி இருக்கிறது. எடை சுமார் 100 கிராம்தான். செல்போன் கோபுரம் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால், இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக அபாயச் செய்தியும் இருக்குமிடமும் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் நடப்பவர்கள் பலரிடம் இதைப் பார்க்கலாம்.

இந்தியாவில் கதை வேறு. 2008இல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல்வழி வந்தபோது துரயா சாட்டிலைட் போன் வைத்திருந்தனர். அதன் பிறகு அரசின் பிடி இறுகியது. துரயா, இரிடியம் இரண்டுக்கும் தடை. இன்மார்சாட் சேவையைக்கூட தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடுதான் பயன்படுத்த முடியும். விவரம் தெரியாமல் வந்த வெளிநாட்டவர்கள் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் கோவாவில் ஒரு வெளிநாட்டு ஓட்டப்பந்தய வீராங்கனை இப்படிச் சிக்கினார். பயணிகளை முன்கூட்டியே எச்சரிக்கும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 ஜனவரியில் விமான நிறுவனங்களுக்குச் சொன்னது.

மிஞ்சுவது செல்போன். வரைபடம், கேமரா, டார்ச் எல்லாம் அதுதான். சிக்னல் இல்லாத இடத்திலும் அதன் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். லடாக், காஷ்மீர் செல்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுபடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி குளிர். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். பாதி சார்ஜ் காட்டும் போன் திடீரென்று அணைவது இதனால்தான். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அனுபவசாலிகள் இரவில் போனையும் பவர் பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். பகலில் 'ஏர்பிளேன் மோடு'. சுமார் 200 கிராம் எடையுள்ள 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், சிக்கனமாக இருந்தால் ஒரு வாரம் தாங்கும்.

பாதுகாப்புத் துறையின் அச்சம் கற்பனையல்ல. மலையில் நேரும் சாவுகளும் கற்பனையல்ல. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. அதைப் பதிவுசெய்து, பயண நாட்களுக்கு மட்டும் வாடகைக்குத் தரும் ஏற்பாட்டை அரசு யோசிக்கலாம். அதுவரை செல்லும் பாதையையும் திரும்பும் நாளையும் வீட்டிலும் வனத்துறைச் சாவடியிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். ஏனெனில் அந்த உயரத்தில் இன்றும் நம்பகமான தகவல் சாதனம், வழிகாட்டியின் கால்கள்தான்.