மதில் போயிற்று, வாசல் இருக்கிறது

திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லோரும் மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அது நியாயந்தான். ஆனால் மலையடியில் ஓடும் வீதியை நின்று கவனிப்பவர் எத்தனை பேர்? மெயின்கார்டு கேட்டிலிருந்து புறப்பட்டு, தெப்பக்குளத்தின் ஓரமாகச் சென்று, பெரிய கடை வீதியை அடையும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையைத்தான் சொல்கிறேன். ஊராருக்கு அது ‘என்.எஸ்.பி. ரோடு’. தீபாவளிக்கு ஜவுளி எடுக்கவும், கல்யாணத்துக்கு நகை வாங்கவும் தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்கள் நடந்து தேய்த்த வீதி அது. தூரம் சொற்பம், அதில் அடங்கிய சரித்திரமோ சொற்பமன்று.

முதலில் மேற்குக் கோடியிலுள்ள அந்த வாசலைப் பாருங்கள். மதுரை நாயக்கர்கள் தலைநகராகக் கொண்டிருந்த இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் மதிலும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, வாசல் மட்டும் மிஞ்சிற்று. ‘மெயின்கார்டு’ என்பது பட்டாளத்தின் தலைமைக் காவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தூர்த்த அகழியின் மேல் போட்ட சாலைகளே மேலப் புலிவார்டு ரோடும் கீழப் புலிவார்டு ரோடும். அங்கே புலியுமில்லை, அதற்கொரு வார்டுமில்லை! கோட்டைக் கொத்தளத்தைக் குறித்து, பிறகு மதிலிருந்த இடத்தில் அமைந்த அகன்ற சாலைக்குப் பெயரான ‘பூல்வார்’ என்ற பிரெஞ்சுச் சொல், ஆங்கிலேயர் வாய் வழியாக வந்து நம் நாவில் புலியாயிற்று.

இந்த மதிலுக்காகச் சிந்திய இரத்தம் கொஞ்சமல்ல. 1751-இல் சந்தா சாகிபுவும் பிரெஞ்சுக்காரர்களும் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்த முகம்மது அலியின் நெருக்கடியைத் தணிக்கவே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான். மறு ஆண்டு ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாகிபு தலையிழந்தார். 1753 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் இரவோடிரவாக மதிலேறிப் பார்த்துத் தோற்றார்கள். அரங்கனின் ஆலயமே அந்நியப் படைக்குப் பாசறையான காலம் அது. நம்மவர் இருவர் சண்டையிட்டனர். நாட்டை அடைந்தது மூன்றாமவன்.

அந்தக் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் மாளிகை தெப்பக்குளத்தருகே இருக்கிறது. பின்னாளில் அது புனித சூசையப்பர் கல்லூரி மாணவர்களின் விடுதியாயிற்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இங்கு வந்த கல்லூரி அது. இராமேசுவரத்திலிருந்து வந்து அங்கே பௌதிகம் படித்த அப்துல் கலாம், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானார். ஏகாதிபத்தியத்துக்கு வித்திட்டவன் வீட்டில் ஏழைப் பிள்ளைகள் பாடம் படித்ததைவிடப் பொருத்தமான பழிவாங்கல் வேறென்ன வேண்டும்?

சற்றுத் தள்ளி மலைவாசல். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். வழியில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவன் குடைவித்த குகைக்கோயில். மன்னர்களுக்கும் மதிலுக்கும் மூத்த சாட்சி இந்தப் பாறைதான்.

காவல்காரனின் பெயர் கொண்ட வாசலில் தொடங்கும் வீதிக்கு, அந்தக் காவலை எதிர்த்துப் படை திரட்டிய நேதாஜியின் பெயர் வாய்த்திருக்கிறது. இரண்டு பெயர்களும் இருக்கட்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றின் பொருள் விளங்காது. ஆனால் கடைகளின் முதுகு தெப்பக்குளத்தை மறைக்கிறது. நடைபாதையிலோ முதியவர் கால் வைக்க இடமில்லை. தரைக்கடைக்காரரை விரட்டிவிடுவது பரிகாரமாகாது. அவர் பிழைப்பையும் நடப்போர் வழியையும் ஒருங்கே காக்கத்தான் 2014-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி இடம் வகுத்துக் கொடுத்தால் இருவரும் வாழலாம்.

அடுத்த முறை ஜவுளிக்குப் போகும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். புலிவார்டில் புலி எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.