நெய்தல் நிலம் காணக் கோலசிலாங்கூர்

நெய்தற் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், 'கண்டல்' என்னும் சொல் வந்தவுடன் "ஒருவகை மரம்" என்று பொருள் கூறி மேலே செல்லுதல் வழக்கம். 'தில்லை'க்கும் அதுவே உரை. ரப்பரையும் செம்பனையையும் கண்டு வளர்ந்த நம் தோட்டப்புற மாணவனுக்கு அவ்வுரை ஒன்றையும் காட்டுவதில்லை. மனப்பாடம் செய்யவேண்டிய சொற்களுள் மேலும் ஒன்று கூடுகிறது, அவ்வளவே.

ஆயினும் அம்மரங்கள் நமக்கு எட்டாதவை அல்ல. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் கோலசிலாங்கூரை அடையலாம். அங்கே புக்கிட் மெலாவத்தி என்னும் சிறு குன்று உண்டு. 1784இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். குன்றின் அடிவாரத்தில், மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்கா இருக்கின்றது. தேசியப் பூங்கா என்னும் பெயர் இதற்கில்லை. நெய்தலின் கருப்பொருளோ இங்கே நிறைய உண்டு.

கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் கால்வாயே கழி. அது ஏறுவதும் இறங்குவதும் ஓதம். நீர் வற்றியதும் சேற்றில் வளைதோறும் நண்டுகள் வெளிப்படும், அவையே அலவன். கண்டலின் வேர்கள் அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போலத் தொங்கிப் பின்னரே விழும். அதன் இனத்ததாக எண்ணப்படும் வெண்கண்டலோ, மூச்சுவிடும் பொருட்டுத் தன் வேர்களைச் சேற்றுக்கு மேல் குச்சி குச்சியாக நீட்டும்.

தில்லை மரமும் மலேசியக் கரையோரச் சதுப்புக் காடுகளில் வளர்வதே. அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய்க்காரர் அதனைப் 'பூத்தா பூத்தா' என்பர். 'பூத்தா' என்றால் குருடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரமும் இதுவே. அவ்வூருக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் இத்தகைய காடு இன்றும் நிற்கிறது.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் வேளை. நாமும் அவ்வேளைக்கே செல்லுதல் நன்று. ஓதம் இறங்கும் நேரத்தை முன்னரே அறிந்துகொள்ளவேண்டும்; கொசு மிகுதியாதலின் முழுக்கைச் சட்டை தேவை. குன்றின்மேல் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால், மலாக்கா நீரிணையில் கதிரவன் மறைவதைக் காணலாம். இருட்டியபின் கம்போங் குவாந்தானில் படகேறினால், ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி அணையும். அவற்றின் புழுக்கள் கரையோரச் செடிகளிடையே நத்தைகளைத் தின்று வளர்வன. ஆதலால் கரையைத் திருத்தி வெளியாக்கினால் மரம் நின்றாலும் மின்மினி இராது.

சொல்லும் அத்தகையதே. கண்டலைக் கண்டவர் இல்லாத வகுப்பில், அகராதியில் அச்சொல் இருந்தும் பயனில்லை. தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை இங்கே அழைத்துவருதல் வேண்டும். திரும்பிய மறுநாள் அதே நெய்தற் பாட்டை மீண்டும் எடுத்து, கண்டல் யாது என்பதை மாணவரே விளக்கக் கேட்கலாம்.